தீவில் நாத்தனாரோடு ஐம்பது கிலோமீட்டர்

என் கணவரின் அக்காவும் நானும் இருபத்திரண்டு வருடங்களில் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் பேசிக்கொண்டது கிடையாது. சண்டை என்று எதுவும் இல்லை. நான் வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திருப்பருத்திக்குன்றத்துக்குக் கல்யாணமாகி வந்தவள். அவரை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளித்தான் அவர் வீடு. மாமியார் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, ஆளாக்கியது அவர்தான். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வகுப்பில் நடக்கிற மாதிரியேதான் வீட்டுக்குள்ளும் நடப்பார். வந்தால் முதலில் அடுப்பைப் பார்ப்பார், பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகுதான் என்னைப் பார்ப்பார். நான் அவரை "அண்ணி" என்று கூப்பிடுவேன். அவர் என்னை "ஏம்மா" என்பார். அவ்வளவுதான் எங்கள் உறவு.

எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு என்று மண்ணுக்குள் முளைக்கிற கிழங்கு எதுவும் சமையலறைக்குள் வராது. தேனும் கிடையாது. சமணக் குடும்பங்களில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். வெளியூர் போனால் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறவர்களும் உண்டு. அண்ணி தளர்த்த மாட்டார். ஒருமுறை தேர்தல் வேலைக்குப் போன இடத்தில் பொழுதுக்குள் சாப்பிட முடியாமல் போய், மறுநாள் காலை வரை வெறும் வயிற்றோடு வாக்குச்சீட்டு எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "என் தம்பி இன்னிக்கு வரைக்கும் ஒரு கிழங்கைத் தொட்டதில்ல" என்று விசேஷ வீடுகளில் அவர் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும்.

நான் ஓட ஆரம்பித்தது சர்க்கரைக்காக. எல்லையில் நிற்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். ஏனாத்தூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். நாள் முழுக்க நிற்கிற வேலை, ஆனால் நடக்கிற வேலை இல்லை. அதனால் விடிகாலையில் ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கினேன். மூன்றாவது வாரம், கேட்காமலேயே அண்ணியும் வந்து சேர்ந்துகொண்டார். புடவையைத் தூக்கிச் செருகி, கால்களில் பள்ளி விளையாட்டு விழாவுக்கு வாங்கிய கேன்வாஸ் ஷூ. என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஆனால் பத்தாவது நிமிடத்திலேயே என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

நடை ஓட்டமானது. புடவை சுடிதாராகி, பிறகு டிராக் பேண்ட் ஆனது. ஊரில் காலையில் ஓடுகிற கூட்டம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு சேர்ந்து, பட்டுக் கடைகள் திறக்காத நேரத்தில் ராஜ வீதிகளைச் சுற்றுவோம். சில வாரம் கூரம் வரை போய்த் திரும்புவோம். ஓடும்போது பேச வேண்டியதில்லை என்பது எங்கள் இருவருக்குமே வசதியாக இருந்தது. அவர் முன்னால், நான் பின்னால். நான்கு வருடம் அப்படித்தான் போனது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஒருநாள் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். அந்தமானில் ஒரு தீவு. காட்டுப் பாதையும் கடற்கரையுமாக ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம். பதினான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் மறந்துவிட்டேன். மறுநாள் காலை அண்ணி ஏரிக்கரையில் சொன்னார்.

"உனக்கும் சேத்து பேர் குடுத்துட்டேன்."

"எதுக்கு அண்ணி?"

"தனியா எப்படிப் போறது, அவ்ளோ தூரம்?"

என் கணவர் கேட்டுவிட்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு, "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல தங்கணுமே" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் பக்கம் மலை கிடையாது. அதனால் ஏரிக்கரையின் சரிவில் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பழகினோம். ஒரு காலையில் நாற்பது முறை. எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, எதையாச்சும் தொலைச்சிட்டு தேடிக்கினு இருக்கிறீங்களா?" என்று கேட்டார். அண்ணி நிற்காமலேயே "ஆமாம்பா" என்று பதில் சொல்லிவிட்டு ஏறினார்.

ஜனவரியில் போனோம். சென்னையிலிருந்து விமானம், பிறகு கப்பல். சாப்பாட்டுக்கு மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட இட்லியை வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டோம். அது இரண்டு நாள் கெடாது. கூடவே பொட்டுக்கடலை மாவில் வெல்லம் போட்டுப் பிடித்த உருண்டை, ஆளுக்குப் பன்னிரண்டு. ஓட்டக்காரர்கள் வழியில் சாப்பிடும் பாக்கெட் கூழ் பலவற்றில் தேன் இருந்தது. அண்ணி ஒவ்வொரு பாக்கெட்டின் பின்புறத்தையும் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்து, எல்லாவற்றையும் ஒதுக்கினார்.

ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளும் அந்தத் தீவில் மழை. விடிகாலை நாலரைக்கு, தலையில் விளக்கு கட்டிக்கொண்டு ஏறத்தாழ நூறு பேர் கிளம்பினோம். அங்கே சூரியன் சீக்கிரம் வருகிறது. ஐந்து மணிக்கெல்லாம் வானம் வெளுத்துவிட்டது. அதற்குள் நாங்கள் காட்டுக்குள் இருந்தோம். ஆள் உயரத்துக்குத் தகடு மாதிரி வேர் விட்ட மரங்கள். மேலே ஏதோ பறவை, கதவு கிறீச்சிடுவது போன்ற குரலில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. பாதை முழுக்கச் சேறு. எங்கள் ஊர்ச் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சேறு வழுக்கிவிட்டது. மரக்கிளைகளில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

ஏழாவது கிலோமீட்டரில் அட்டை. என் கணுக்காலில் இரண்டு, அண்ணியின் கெண்டைக்காலில் மூன்று. பக்கத்தில் ஓடிவந்த ஒருவர் உப்புப் பொட்டலத்தை நீட்டினார். தூவினால் சுருண்டு விழுந்துவிடும் என்றார். அண்ணி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஒரு பழுத்த இலையைப் பறித்து, அதன் ஓரத்தால் அட்டையின் வாயை மெதுவாக நெம்பி எடுத்தார். ஒவ்வொன்றையும் இலையோடு சேர்த்து ஈரமான இடமாகப் பார்த்து வைத்தார். என் காலிலிருந்ததையும் அவரே எடுத்தார். அதற்குப் பத்து நிமிடம் போயிற்று. எங்களைத் தாண்டி இருபது பேராவது போயிருப்பார்கள். அவர் அவசரப்படவில்லை. எடுத்து முடித்ததும் எழுந்து, "நான் முன்னால போறேன்மா. நீ பாத்து வா" என்று சொல்லிவிட்டு ஓடினார். ஒரு திருப்பத்தில் அவருடைய மஞ்சள் தொப்பி மறைந்தது.

அதன்பிறகு நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியாக ஓடினேன். ஓடினேன் என்பதைவிடப் பாதி நேரம் நடந்தேன் என்பது சரி. யாரும் கூப்பிடவில்லை, யாருக்கும் நான் எதுவும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் குடுவை உடைகிற சத்தம் இல்லை. ஒரு ஓடையைக் கடக்கும்போது முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டு, சும்மா அப்படியே இரண்டு நிமிடம் இருந்தேன். நாற்பத்தேழு வயதில் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

முப்பத்தோராவது கிலோமீட்டரில் ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். தண்ணீர், வாழைப்பழம், ஆரஞ்சுச் சுளை. ஒரு அகன்ற அலுமினியப் பாத்திரத்தில், தோலோடு வேகவைத்து நாலாக வெட்டிய உருளைக்கிழங்கு. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உப்பு. பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தமிழர். அவருடைய தாத்தா ராமநாதபுரத்திலிருந்து கப்பலில் வந்தவராம். "சாப்புடுங்கக்கா, சூடா இருக்கு" என்றார்.

பையில் எனக்கு இன்னும் ஆறு உருண்டை இருந்தது. ஆனால் ஏழு மணி நேரம் இனிப்பையே தின்று நாக்கு மரத்துவிட்டது. உடம்பு உப்புக்கு அலைந்தது. அண்ணி ரொம்பத் தூரம் முன்னால் போயிருப்பார் என்ற தைரியம் வேறு. ஒரு துண்டை உப்பில் தொட்டு வாயில் போட்டேன். அந்தச் சுவையை எழுத்தில் சொல்ல முடியாது. இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவது துண்டு வாயில் இருக்கும்போது பின்னால் சேற்றில் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினேன். மஞ்சள் தொப்பி.

ரிப்பனைக் கவனிக்காமல் மாட்டுத் தடம் ஒன்றில் போய், மூன்று கிலோமீட்டர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அதனால்தான் எனக்குப் பின்னால். பாத்திரத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த உப்பைப் பார்த்தார். கடைசியாக என் கன்னத்தைப் பார்த்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் விழுங்கிவிட்டுப் பின்னால் போனேன்.

இரண்டு கிலோமீட்டர் கடந்தோம். பாதை அங்கே அகலமாக இருந்ததால் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

"எத்தினி வருஷமா?" என்றார் திடீரென்று.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "இருவது வருஷத்துக்கு மேல இருக்கும் அண்ணி."

"எங்க?"

"காலேஜ் கேன்டீன்ல. சமோசா. எப்பனாச்சும் மசால் தோசை."

கொஞ்ச தூரம் போனோம்.

"என் தம்பிக்குத் தெரியுமா?"

இந்த இடத்தில் நான் ஆமாம் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஏழு மணி நேரம் ஓடியவளுக்குச் சாமர்த்தியம் மிச்சமிருப்பதில்லை.

"அவருதான் அண்ணி மொதல்ல வாங்கித் தந்தாரு. கல்யாணமான புதுசுல, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஓட்டல்ல. பூரி கெழங்கு."

அண்ணி நின்றார். ஒரு மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். அவருக்கு மயக்கம் வருகிறதோ என்று பயந்தேன். இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டுதான் நின்றார்.

"அதுக்கு முன்னாடியே தின்னுவானா?"

"பிளஸ் டூ படிக்கறப்பலேர்ந்து தின்றாராம்."

"பிளஸ் டூவுல நான்தான் அவனுக்கு டிபன் கட்டிக் குடுத்தேன்" என்றார். பிறகு, "நட" என்றார்.

காடு முடிந்து கடற்கரை வந்தது. பிற்பகல் இரண்டு மணி. ஆறு கிலோமீட்டர் முழுக்கக் கால் புதைகிற பொதமணல். ஓட முடியாது. தண்ணீர் நனைத்துப்போன ஈரமணலில் நடந்தால் கால் கொஞ்சம் நிற்கிறது, ஆனால் அலை ஷூவுக்குள் வருகிறது. கடல் எந்த நிறத்தில் இருந்தது என்று பிறகு பலரும் கேட்டார்கள். அந்த ஆறு கிலோமீட்டரும் நான் அண்ணியின் குதிகாலைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். இடது காலை இழுத்து இழுத்து வைத்தார். வழிதவறிச் சுற்றிய மூன்று கிலோமீட்டர் அவரைத் தின்றுவிட்டிருந்தது. கெண்டைச் சதை இறுக்கிப் பிடித்தபோது மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் காலை மடியில் வைத்து அழுத்திவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் அவரைத் தொட்டது, விழாக்களில் காலில் விழுந்து கும்பிட்டதைத் தவிர, அதுதான்.

"நான் பசங்களை அடிச்சதே இல்ல" என்றார், கடலைப் பார்த்துக்கொண்டே. "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல. இவனையும் அடிச்சதில்ல."

"தெரியும் அண்ணி."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பயந்திருப்பாரு."

"இத்தினி வருஷமாவா பயந்துக்கினு இருந்தான்?"

காலை அழுத்திக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்து அவரைத் தூக்கி நிறுத்தினேன்.

கடற்கரையிலிருந்து மறுபடி காட்டுக்குள் ஏறும் இடத்தில் மணி ஐந்து. இன்னும் ஐந்து கிலோமீட்டர். ஆறரைக்குக் கெடு முடிகிறது. அங்கே ஐந்தேகாலுக்கே சூரியன் இறங்கிவிடும். அண்ணியின் முகம் வெளிறியிருந்தது, பேச்சு குழறியது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கொண்டுவந்ததெல்லாம் வழிதவறிய இடத்திலேயே தீர்ந்துவிட்டதாம். பந்தலில் வாங்கிய வாழைப்பழம் ஒன்றோடு ஐந்து மணி நேரத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை.

பையைத் திறந்தேன். ஆறு உருண்டையும் அப்படியே இருந்தது.

"அண்ணி, இன்னும் பத்து நிமிஷம் இருக்குது. சாப்பிடுங்க."

மரங்களுக்கு நடுவே மேற்கைப் பார்த்தார். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு விரற்கடை வெளிச்சம் நின்றிருந்தது. ஓர் உருண்டையை வாங்கி, ஒரு பாறையில் உட்கார்ந்து, வேகமாக மெல்லத் தொடங்கினார். இரண்டு, மூன்று. தண்ணீர் குடித்தார். நான்காவதை எடுக்கும்போது சொன்னார்.

"நீ அதைத் தின்னதுனாலதான் இது மிச்சமாச்சு."

அவர் குரலில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கணக்கின் கடைசி வரியைப் படிக்கிற மாதிரிதான் சொன்னார். மிச்சம் இரண்டை என் பக்கம் தள்ளினார். நானும் சாப்பிட்டேன். பொழுது சாய்ந்த பிறகு நான் எங்கேயும் எதுவும் தின்றதில்லை. அந்தப் பழக்கம் மட்டும் என்னிடம் உண்மையாகவே இருக்கிறது. வாயைக் கொப்பளித்துத் துப்பும்போது சூரியன் போய்விட்டிருந்தது.

கடைசியாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வருவதற்கென்று இரண்டு தன்னார்வலர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், எங்களை வந்து பிடித்தார்கள். அண்ணி அவர்களைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீ போ."

"சேந்தே போலாம் அண்ணி."

"என் கால் இதுக்கு மேல வேகம் குடுக்காது. உன் கால் குடுக்கும். அஞ்சு கிலோமீட்டர், எழுவது நிமிஷம். கணக்கு சரியா வரும். போ."

வேற்றூர்க் காட்டில், இருட்டுகிற நேரத்தில், கணவரின் அக்காவை விட்டுவிட்டுப் போவது எப்படி என்று நான் நின்றேன். பின்னால் வந்த பெண் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அண்ணி என்னைப் பார்த்து, பின்வரிசையில் பேசுகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். நான் கிளம்பிவிட்டேன்.

அந்த ஐந்து கிலோமீட்டரில்தான் நான் நிஜமாக ஓடினேன். விளக்கு வெளிச்சத்தில் வேர், கல், சேறு, வேர். இரண்டு முறை விழுந்தேன். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது கெடுவுக்கு ஏழு நிமிடம் பாக்கி. யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு காட்டைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆறரை மணிக்குக் கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பன்னிரண்டு நிமிடம் கழித்து மூன்று விளக்குகள் ஆடி ஆடி வந்தன.

எல்லோரும் கை தட்டினார்கள். ஏற்பாட்டாளர் ஒரு பதக்கத்தை எடுத்துக்கொண்டு போய், பரவாயில்லை மேடம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அண்ணி கைகூப்பினார். தமிழில்தான் பதில் சொன்னார். "முப்பத்திநாலு எடுத்தவனுக்கு நான் முப்பத்தஞ்சு போட்டதில்ல சார்." நான் அதை மொழிபெயர்க்க முயன்று தோற்றேன். அவர் வாங்கவில்லை என்பது மட்டும் அந்த மனிதருக்குப் புரிந்தது.

அறையில் அன்று எங்களுக்குச் சாப்பாடு கிடையாது. ஏழரை மணிக்கே விளக்கை அணைத்துவிட்டோம். அதற்கு முன் அவருடைய சாக்ஸை நான்தான் உருவினேன். இரண்டு கால்விரல் நகங்கள் கறுத்திருந்தன. வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கிறது என்றார். அந்தப் பன்னிரண்டு நிமிடம் வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். பிறகு அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்தபோது இருட்டில் கேட்டார்.

"ஓடையில தண்ணி ஜில்லுனு இருந்துச்சு இல்ல? நீ நின்னியா?"

"நின்னேன் அண்ணி."

"நானும் நின்னேன்" என்றார்.

சென்னை விமான நிலையத்துக்கு என் கணவர் காரோடு வந்திருந்தார். இருவரும் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பைகளை வாங்கினார். அண்ணி முன் இருக்கையில் உட்கார்ந்தார். பூந்தமல்லி தாண்டும்வரை ஓட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அட்டை, சேறு, மாட்டுத் தடம், மணல். பந்தலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் பின் இருக்கையில் கேட்டுக்கொண்டே வந்தேன்.

பிறகு சாதாரணமாகக் கேட்டார். "உனக்கு எங்கிட்ட பயமாடா?"

என் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

"சின்ன வயசுல இருந்துச்சுக்கா."

"இப்ப?"

லாரி ஒன்றைத் தாண்டிய பிறகு சொன்னார். "இப்பவும் கொஞ்சம் இருக்குது."

அண்ணி தலையை ஆட்டினார். சரியான விடை சொன்ன பிள்ளையிடம் ஆட்டுவது போலத்தான். "சரி" என்றார். கையை நீட்டி, கியர் மேலிருந்த தம்பியின் கையை ஒருமுறை தட்டிவிட்டு, இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். அவர் எழுந்துவிடக் கூடாதென்று என் கணவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை ஊரவிட்டு ஏற்றி இறக்கினார்.